எடிசனிலிருந்து டொராண்டோவுக்கு மோட்டார்ஹோமில்: அக்கா வீட்டு வாசல் வரை

ஜூலை விடுமுறையில் நியூ ஜெர்சியிலிருந்து டொராண்டோ பக்கம் அக்கா வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ மோட்டார்ஹோமில் போகலாம் என்று நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். எடிசனிலிருந்து பஃபலோ வழியாக டொராண்டோ ஏறக்குறைய 480 மைல். வாடகைக்குக் கிடைக்கும் கிளாஸ் சி வண்டி (வேன் முகப்பும், டிரைவர் தலைக்கு மேல் படுக்கையும் உள்ள நடுத்தர மோட்டார்ஹோம்) ஒரு காலனுக்கு 8 மைல் கொடுத்தால் பெரிய விஷயம். போக மட்டும் 60 காலன். அதே தூரத்தை மினிவேன் 20 காலனில் முடித்துவிடும். வாடகை, கேம்ப்கிரவுண்ட் கட்டணம், ஜெனரேட்டர் மணிக்கணக்கு எல்லாம் இதற்கு மேல். ஆகவே பணம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கிடைப்பது வேறு. இந்தியாவிலிருந்து வந்திருக்கும் மாமியாருக்கு வழியில் பாத்ரூம் தேட வேண்டாம். குழந்தைக்குப் பருப்புசாதம் எந்த ஊரிலும் சூடாகக் கிடைக்கும். ஆறு பேராகப் போய் இறங்கினாலும் அக்கா வீட்டு ஹாலில் பாய் விரிக்க இடம் தேட வேண்டியதில்லை. இதற்காகப் போகிறவர்கள் திருப்தியாகத் திரும்புவார்கள். ஓட்டுவது இரண்டு நாள் வேலை. வண்டி உறவினர் வீட்டு வாசலில் நிற்கப்போவதோ ஐந்தாறு நாள். தப்பு நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

எந்த வண்டி

ஃபோர்டு இ-450 சேசிஸ் மேல் கட்டிய 24 முதல் 26 அடி கிளாஸ் சி போதும். 30 அடி வண்டியில் உள்ளே இடம் தாராளம்தான், ஆனால் டொராண்டோ புறநகர் டிரைவ்வேயில் அதன் பின்பக்கம் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். சாதாரண கார் லைசென்சிலேயே இதை ஓட்டலாம்.

'ஏழு பேர் தூங்கலாம்' என்று விளம்பரத்தில் இருந்தால் ஏழு பேர் உட்கார்ந்து பயணம் செய்யலாம் என்று அர்த்தமில்லை. சீட் பெல்ட் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். கார் சீட் வைக்கும் வயதில் குழந்தை இருந்தால் முன்னோக்கிய இருக்கை வேண்டும். பக்கவாட்டிலோ பின்னோக்கியோ இருக்கும் டைனெட் (சாப்பாட்டு மேஜை) இருக்கையில் கார் சீட் கட்டக் கூடாது. பல வண்டிகளில் டைனெட்டில் இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும், மேல் பட்டையை மாட்டக் கொக்கி இருக்காது. புக் செய்வதற்கு முன் அந்த இருக்கையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வண்டியை எடுக்கும்போது டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் பட்டை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் வேறு வண்டி கேளுங்கள். ஜூலை வெயில், முழு லோடு, பழைய டயர் மூன்றும் சேர்ந்தால்தான் ஹைவேயில் வெடிக்கிறது. காற்றைக் காலையில் வண்டி நகர்வதற்கு முன் அளக்க வேண்டும். டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பி.எஸ்.ஐ. அளவுதான் கணக்கு. பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் உள்பக்க டயரை யாரும் பார்ப்பதில்லை. அதைக் கட்டாயம் பாருங்கள். உள் டயரில் காற்று இறங்கினால் வெளி டயர் இரண்டு டயரின் சுமையையும் தாங்கும், வெளியே எதுவும் தெரியாது.

கனடாவுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டு என்று வாடகைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். கூடவே கனடாவில் செல்லும் இன்ஷூரன்ஸ் அட்டையையும் கேளுங்கள். அது கேட்டால்தான் வரும்.

எடை

கதவுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். 1,500 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், ஆறு பேருக்கே 900 போய்விடும். 40 காலன் தண்ணீர் நிரப்பினால் அது மட்டும் 334 பவுண்டு. மீதி இருப்பது 270 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள்தான் பெட்டி, ஸ்ட்ரோலர், இரண்டு அரிசி மூட்டை, அக்காவுக்காகச் சுமக்கும் வெட் கிரைண்டர் எல்லாம் அடங்க வேண்டும்.

ஆகவே வழியில் குடிக்கவும் கழுவவும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும். போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். கனமானதை இரண்டு அச்சுக்கும் நடுவில், தரையோடு வையுங்கள். கிரைண்டர் கல்லைப் பின்பக்க டிக்கியில் போட்டால் பின் அச்சு அமுங்கி முன் சக்கரப் பிடிமானம் குறையும், காற்றடிக்கும்போது ஸ்டியரிங் நீச்சலடிக்கும். சந்தேகமாக இருந்தால் டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கும். கட்டணம் பெரிதில்லை, அச்சு அச்சாக எடை போட்டு சீட்டு கொடுப்பார்கள்.

முதல் நாள் இரவு

ஃபிரிட்ஜை முந்தின நாள் மாலையே போட்டுவிட வேண்டும். பல கிளாஸ் சி வண்டிகளில் இருப்பது கம்ப்ரஸர் இல்லாத கேஸ் ஃபிரிட்ஜ். குளிர்ந்து நிலைக்கு வர 12 மணி நேரம் ஆகும். கிளம்பும் காலையில் போட்டு, அதில் அறை வெப்பத்தில் இருக்கும் பாலை அடுக்கினால் மதியத்துக்குள் திரிந்துவிடும். உள்ளே வைப்பதெல்லாம் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து குளிர்ந்தே வர வேண்டும். பெரியவர்களுக்கு இன்சுலின் இருந்தால் பின்பக்கத் தகட்டுப் பட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உறைந்துபோகும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. கதவுத் தட்டில் வைத்து, பக்கத்தில் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்றும் வையுங்கள்.

இட்லி மாவு விஷயத்தில் கொஞ்சம் எச்சரிக்கை. வண்டி வெயிலில் நின்றால் உள்ளே எளிதாக நூறு டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டும், குலுக்கலும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு இங்கே அதற்கு முன்பே மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். டப்பாவில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். டப்பாவை இன்னொரு பாத்திரத்துக்குள் வைத்து, அதை சிங்கில் இறக்கிவிட்டால் வழிந்தாலும் கழுவிவிடலாம்.

தண்ணீர் டேங்கை நீங்களே கிருமி நீக்கம் செய்வதென்றால் 15 காலனுக்குக் கால் கப் வாசனை சேர்க்காத பிளீச் என்பது அளவு. 40 காலன் டேங்குக்கு ஒரு கப்பில் மூன்றில் இரண்டு பங்கு வரும். தண்ணீரில் கரைத்து ஊற்றி, டேங்கை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் வாசனை வரும்வரை ஓடவிட்டு, நான்கு மணி நேரம் நிறுத்தி, பிறகு முழுவதும் வடித்து இரண்டு முறை அலசுங்கள். இதற்கும் நேரம் வேண்டும் என்பதால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வண்டி கையில் இருப்பது நல்லது.

பாதை

ஐ-287 வடக்கு, ஐ-80 மேற்கு, டெலவேர் வாட்டர் கேப் தாண்டி ஐ-380, ஸ்க்ரான்டனில் ஐ-81, பிங்காம்ட்டன், சிராக்யூஸ், அங்கிருந்து ஐ-90 மேற்காகப் பஃபலோ. காரில் ஒரே மூச்சில் போகிறவர்கள் இதையும் அப்படியே போகலாம் என்று நினைப்பார்கள். 62 மைல் வேகத்துக்கு மேல் இந்த வண்டியை ஓட்டுவதில் லாபமில்லை. நிறுத்தமும் எல்லையும் சேர்த்தால் 11 மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சிராக்யூஸ் தாண்டி செனெக்கா ஃபால்ஸில் கயூகா லேக் ஸ்டேட் பார்க் இரவு தங்க வசதி. ஐ-90இல் 41ஆவது எக்ஸிட்டிலிருந்து பக்கம்தான். நியூயார்க் ஸ்டேட் பார்க்குகளுக்கு ஒன்பது மாதம் முன்பே புக்கிங் திறந்துவிடும். ஜூலை வார இறுதிக்கு ஜூனில் தேடினால் கிடைக்காது.

கார் ஜி.பி.எஸ்.ஸை நம்பாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். இந்தப் பாதையில் அதற்குத் தனிக் காரணமே உண்டு. சிராக்யூஸ் பக்கத்தில் ஐ-81இலிருந்து லிவர்பூல் போகும் ஒனான்டாகா லேக் பார்க்வே மேல் ஒரு பழைய ரயில் பாலம். அதன் உயரம் 10 அடி 9 அங்குலம். 2010 செப்டம்பரில் ஜி.பி.எஸ். பார்த்து வந்த இரட்டைத் தட்டுப் பேருந்து ஒன்று அதில் மோதி நான்கு பயணிகள் இறந்தார்கள். உங்கள் கிளாஸ் சி, கூரை ஏ.சி.யோடு சேர்த்து 11 அடிக்கு மேல். நியூயார்க் மாநிலத்தில் 'பார்க்வே' என்று பெயர் வந்தாலே வண்டி ஏறக் கூடாது என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. சிராக்யூஸ் நகருக்குள் ஐ-81 மேம்பாலத்தை அகற்றிப் பாதையை மாற்றும் வேலையும் நடக்கிறது. அங்கே போன் திரையைவிடச் சாலைப் பலகைக்கு மதிப்புக் கொடுங்கள்.

வண்டியின் உயரத்தை டேப் வைத்து நீங்களே அளந்து, அடியிலும் மீட்டரிலும் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். ஒன்டாரியோவில் பாலத்தில் '3.5' என்று போட்டிருப்பார்கள். 11 அடி 6 அங்குலம் என்பது அதுதான். அந்த நேரத்தில் மனக்கணக்கு வராது.

போக்கோனோ மலை இறக்கத்தில் டோ/ஹால் பட்டனைப் போட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் ஆறு விநாடி இடைவெளி வேண்டும். பெட்ரோல் பங்கில் திரும்பும்போது வால் வீச்சை மறக்காதீர்கள். பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் ஒவ்வொரு மூன்று அடிக்கும், முழுசாக ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்முனை சுமார் ஓர் அடி எதிர்ப்பக்கம் வீசும். வாடகை வண்டிகளில் காணும் நசுங்கல்களில் பாதி இப்படி மஞ்சள் கம்பத்தில் இடித்தவைதான். ஓடும் வண்டியில் யாரும் எழுந்து நடக்கக் கூடாது, பாத்ரூமுக்கும் கூடத்தான். ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்தினால் அந்தப் பேச்சே வராது.

டேங்க் பஃபலோவில் நிரம்பட்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் லிட்டர் கணக்கில் வருவதால் மலிவு மாதிரித் தெரியும், மாற்றிப் பார்த்தால் கூடுதல்தான்.

எல்லை

பஃபலோவின் பீஸ் பிரிட்ஜ் அல்லது வடக்கே லூயிஸ்டன்–குவீன்ஸ்டன் பிரிட்ஜ், இரண்டில் எது காலியோ அது. கனடா நாளும் ஜூலை 4-ம் ஒட்டி வரும் வாரம், ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறை, இவற்றைத் தவிர்த்தாலே பாதி நிம்மதி.

கிரீன் கார்டு இருப்பவர்கள் செல்லுபடியாகும் இந்தியப் பாஸ்போர்ட்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும், கனடா விசா தேவையில்லை. எச்-1பி, எச்-4-இல் இருக்கும் இந்தியர்களுக்கு விசா வேண்டும். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் கனடா விசா தனியாக எடுக்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் நேரம் விடுங்கள். வண்டியை புக் செய்த பிறகு இதை நினைப்பவர்கள் நிறைய. பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தைகளோடு போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரி ஏறி ஃபிரிட்ஜையும் அலமாரியையும் திறந்து பார்ப்பார். கனடாவில் பெப்பர் ஸ்பிரே தடை. வண்டி டாஷில் யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று முன்பே பாருங்கள். கேம்ப்கிரவுண்டில் வாங்கிய விறகை எல்லை தாண்டிக் கொண்டுபோகாதீர்கள்.

திரும்பி வரும்போதுதான் நம் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல். அக்கா தோட்டத்துத் தொட்டியில் பறித்துக் கொடுக்கும் பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதன் இலையில் வரும். வதக்கிப் பொடித்துக் கொண்டுவந்தாலும் கேட்டால் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் வாங்கிக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால்தான் அபராதம். மிஞ்சிய ஆட்டுக்கறிக் குழம்பு, பழங்கள் எல்லாவற்றையும் அங்கேயே தீர்த்துவிடுவது நல்லது.

எல்லையிலிருந்து டொராண்டோ போகும் கியூ.இ.டபிள்யூ. நெடுஞ்சாலை வழியாகப் போகும்போது செயின்ட் கேத்தரின்ஸிலும் பர்லிங்டனிலும் இரண்டு உயரப் பாலங்கள் வரும். ஏரிக் காற்று பக்கவாட்டில் வீசும், வேகத்தை 80 கிலோமீட்டருக்குக் குறைத்து இரண்டு கையாலும் பிடியுங்கள்.

அக்கா வீட்டு வாசல்

ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் நான்கு படம் கேளுங்கள்: தெருவிலிருந்து டிரைவ்வே, அதன் மேலே போகும் கரண்ட் கம்பியும் மரக்கிளையும், கராஜ் ப்ளக், பிரேக்கர் பெட்டி. நீளத்தை அத்தானை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 24 அடி வண்டிக்கு 26 அடி இருந்தால் கதவைத் திறக்கலாம். நடைபாதையை மறைத்து நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்ல நியாயம் உண்டு. தெருவில் விடலாம் என்று எண்ணாதீர்கள், டொராண்டோவில் வேறு பலகை இல்லாத தெருவில் மூன்று மணி நேரம்தான் நிறுத்தலாம். டிரைவ்வேயில் எத்தனை நாள் நிற்கலாம் என்பது அந்தந்த நகரத்து விதி. நகராட்சி உதவி எண்ணான 311-ஐ அழைத்துக் கேட்கும்படி அக்காவிடம் சொல்லுங்கள். டவுன்ஹவுஸ் என்றால் அந்தக் கூட்டமைப்பின் அனுமதி வேறு. இடம் ஒத்துவராவிட்டால் ஓக்வில்லில் உள்ள பிரான்டே கிரீக் ப்ராவின்ஷியல் பார்க்கில் மின் இணைப்போடு இடம் உண்டு. அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் பகலில் அத்தான் காரில் போய்வரலாம். ஒன்டாரியோ பார்க் புக்கிங் ஐந்து மாதம் முன்னால் திறக்கும்.

ரிவர்ஸ் எடுக்கும்போது வழிகாட்ட ஒரே ஆள் போதும். நாலு பேர் நாலு பக்கம் கையைக் காட்டினால்தான் கராஜ் கதவு போகும். அந்த ஒருவர் டிரைவர் பக்கக் கண்ணாடியில் எப்போதும் தெரிய வேண்டும், தெரியாத கணமே நிறுத்திவிட வேண்டும். 'வரலாம்', 'ஹோல்டான்' இரண்டே வார்த்தை. நம் ஊர் பஸ் கண்டக்டர்கள் இதை வைத்துத்தான் எத்தனையோ சந்துக்குள் பஸ்ஸைத் திருப்பியிருக்கிறார்கள்.

நிறுத்தியபின் மட்டம் பாருங்கள். பெரும்பாலான டிரைவ்வே தெருப் பக்கம் சரிந்திருக்கும். கேஸ் ஃபிரிட்ஜ் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரிக்கு மேல் சரிந்தால் அதனுள் இருக்கும் திரவம் ஓடாமல் தேங்கும், நாளடைவில் குழாயே அடைத்துவிடும். சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி ஏற்றுங்கள். பின் சக்கரம் இரட்டை என்பதால் இரண்டு டயருக்கும் அடியில் கட்டை இருக்க வேண்டும். வண்டியை நிலையாகத் தாங்கும் ஜாக் கால் இருந்தால் அதன் அடியில் முக்கால் அங்குல பிளைவுட் போடாமல் இறக்காதீர்கள், அக்கா போட்டிருக்கும் இன்டர்லாக் கல் குழிந்துவிடும்.

இனி கரண்ட். வண்டிக்கு வேண்டியது 30 ஆம்ப், வீட்டு கராஜ் ப்ளக்கில் இருப்பது 15 ஆம்ப். இடையில் மாட்டும் அடாப்டரால் ப்ளக்தான் பொருந்தும், கரண்ட் கூடாது. கூரை ஏ.சி. ஓடும்போதே 12 முதல் 15 ஆம்ப். மைக்ரோவேவ் 13. மின்சார வாட்டர் ஹீட்டர் 12. மிக்ஸி 5 அல்லது 6. பேட்டரி சார்ஜர் தன் பங்குக்கு ஐந்தாறு. இரண்டு பெரியது சேர்ந்தால் பிரேக்கர் விழும். ஆகவே வாட்டர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்றிவிட்டு, ஏ.சி.யை மாலை ஆறு மணிக்கே போட்டுக் குளிரவைத்து, இரவு சமையல் சாமான் எதையும் போடாமல் ஓட்டுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வயர் 12 கேஜ், 50 அடிக்குள். ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஆரஞ்சு வயரில் ஏ.சி. ஓட்டினால் ப்ளக் முனை உருகும், அதற்கு முன் வோல்டேஜ் இறங்கும். வண்டிக்குள் ஒரு ப்ளக்கில் வோல்ட்மீட்டர் செருகி வையுங்கள். 105-க்குக் கீழே போனால் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள், குறைந்த வோல்டேஜில் கம்ப்ரஸர் சுருள் கருகும். அரை மணி ஓடியதும் ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் கழற்றுங்கள்.

கராஜில் அக்கா இரண்டாவது ஃப்ரீசர் வைத்திருப்பார். அது அதே பிரேக்கரில் இருக்கலாம். இரவு இரண்டு மணிக்கு உங்கள் ஏ.சி. பிரேக்கரைத் தட்டிவிட்டால் யாரும் கவனிக்காமல் போனால் ஒன்றிரண்டு நாளில் அவருடைய மீனும் கறியும் உருகித் தரையில் தண்ணீராக நிற்கும். அதனால் நீங்கள் செருகியதும் பிரேக்கரை ஒருமுறை அணைத்துப் பார்த்து, ஃப்ரீசர் விளக்கும் சேர்ந்து அணைகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அணைந்தால் வேறு ப்ளக். டிரைவ்வேயில் ஜெனரேட்டர் வேண்டாம். சத்தம் ஒரு பக்கம், திறந்த படுக்கையறை ஜன்னல் வழியாகப் புகை போவது உயிருக்கே ஆபத்து.

தண்ணீரை வீட்டுக் குழாயிலிருந்து டேங்கில் நிரப்பிவிட்டு ஹோஸைக் கழற்றிவிடுங்கள். வெள்ளை நிறக் குடிநீர் ஹோஸ் உங்களுடையதாக இருக்கட்டும், தோட்டத்துப் பச்சைக் குழாயில் வரும் தண்ணீர் டீயில்கூட ரப்பர் வாடை அடிக்கும்.

பிளாக் டேங்க், கிரே டேங்க்

டாய்லெட் போவது பிளாக் டேங்குக்கு, சிங்கும் ஷவரும் கிரே டேங்குக்கு. ஒவ்வொன்றும் சுமார் 30 காலன். நால்வர் நான்கு நிமிடம் ஷவரில் குளித்தாலே கிரே நிரம்பும். உறவினர் வீட்டில் இருக்கும் நாட்களில் குளியலும் பாத்திரமும் வீட்டுக்குள், வண்டி டாய்லெட் இரவுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் ஐந்தாறு நாள் ஓடும். நம்மவர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் டேங்க் சீக்கிரம் நிரம்புமே என்று கவலைப்படுவார்கள். நிரம்பும், ஆனால் அது நல்லது. பிளாக் டேங்கைக் கெடுப்பது தண்ணீர் குறைவுதான். பேப்பரும் கெட்டியும் மேடு கட்டி நின்றால் பிறகு எதைச் செய்தாலும் போகாது. ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று காலன் தண்ணீர் ஊற்றி மருந்து போட்டு வையுங்கள். வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். வெட் வைப்ஸ் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது.

கிரே தண்ணீர்தானே என்று தெருச் சாக்கடையில் விடாதீர்கள். டொராண்டோவில் மழைநீர் வடிகால் நேரே ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது, பிடித்தால் அபராதம். வீட்டுக் கழிவுக் குழாயின் மூடியைத் திறந்து விடலாம் என்று அத்தான் ஆசை காட்டினாலும் மறுத்துவிடுங்கள். அடைப்பு இருந்தால் எல்லாம் பேஸ்மென்டில் எழும்பும்.

கேம்ப்கிரவுண்டில் கொட்டும் முறை:

1. கையுறை போட்டு, இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று உறுதி செய்தபின் மட்டும் மூடியைக் கழற்றுங்கள்.
2. ஹோஸை வண்டியில் கால் சுற்று திருப்பிப் பூட்டி, மறுமுனையைத் துளைக்குள் நன்றாக இறக்கி, மேலே கல் வையுங்கள்.
3. முதலில் பிளாக். முழுசாக இழுத்து, சத்தம் நிற்கும்வரை விடுங்கள், மூடுங்கள்.
4. பிறகு கிரே. அந்தச் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். இதற்காகவே கிரேவை முன்னால் காலி செய்யக் கூடாது.
5. வண்டி முனையிலிருந்து கழற்றி, ஹோஸைத் துளையை நோக்கிச் சரித்து வடித்து அலசுங்கள்.

டேங்க் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பியிருந்தால்தான் வேகமாக இழுத்துக்கொண்டு போகும். கால் டேங்கில் கொட்டினால் தண்ணீர் போய் கெட்டி தங்கிவிடும்.

வண்டிக்குள் தாளிப்பு

கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழுந்த அரை நிமிடத்தில் புகை அலாரம் கத்தும். அடுப்புக்கு மேல் விசிறி ஓடுகிறதே என்பீர்கள். வண்டியின் வெளிப்பக்கச் சுவரில், அந்த விசிறியின் வாய்க்கு ஒரு சின்ன மூடி இருக்கிறது. ஓடும்போது படபடக்காமல் இருக்க அதைக் கொக்கியால் பூட்டியிருப்பார்கள். அந்தக் கொக்கியை விடுவிக்காவிட்டால் புகை போக வழியில்லை, சுற்றிச் சுற்றி உள்ளேயே வரும். சமைப்பதற்கு முன் வெளியே போய் அதை நெம்பிவிட்டு, கூரை விசிறியையும் திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். அலாரத்தின் பேட்டரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். தரையோரம் இருக்கும் கேஸ் அலாரத்தையும் துணி போட்டு மறைக்காதீர்கள், புரோப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

எண்ணெய்த் தட்டைப் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். சோறு வடித்த கஞ்சி சிங்கில் போகக் கூடாது. கிரே டேங்கில் மாவுச்சத்து படிந்து, மூன்றாம் நாள் வெயிலில் வரும் நாற்றம் பிளாக் டேங்கையே மிஞ்சும். இரண்டு விசில் குக்கர் சோறு வடிக்காமல் செய்துகொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கிளம்பும்போது

விடைபெறும் களேபரத்தில்தான் கரண்ட் வயரைச் செருகியபடியே வண்டியை எடுப்பார்கள். சாவியை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தபின்தான் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயர், ஹோஸ், படிக்கட்டு, ஆவ்னிங் (பக்கவாட்டில் விரிக்கும் நிழல் துணி), கூரை ஜன்னல், டி.வி. ஆன்டெனா, மட்டக் கட்டை, கேஸ் வால்வு, ஃபிரிட்ஜ் பூட்டு, அலமாரிக் கொக்கி. ஆவ்னிங்கை ராத்திரி விரித்தபடி விட்டுத் தூங்காதீர்கள். ஒரே ஒரு இடிமழைக் காற்று போதும், கம்பியோடு பிடுங்கிக்கொண்டு போகும்.

திரும்பும் வழியில் எல்லை தாண்டியதும் யங்ஸ்டவுனில் ஃபோர் மைல் கிரீக் ஸ்டேட் பார்க்கில் ஓர் இரவு தங்கினால் அங்கேயே டேங்க் இரண்டையும் காலி செய்துவிடலாம். நிரம்பிய டேங்கோடு வண்டியைத் திருப்பிக் கொடுத்தால் வாடகைக்காரர் போடும் கட்டணம் கேம்ப்கிரவுண்ட் வாடகையைவிட அதிகமாக இருக்கும். ஜெனரேட்டர் பெட்ரோல் டேங்கிலிருந்தே எடுக்கிறது, கால் டேங்குக்குக் கீழே போனால் தானே நின்றுவிடும். கடைசி நாள் ஏ.சி. வேண்டுமென்றால் அதைக் கணக்கில் வையுங்கள். ஒப்படைக்கும் முன் ஃபிரிட்ஜை அணைத்துத் துடைத்து, கதவிடுக்கில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்துத் திறந்தே விடுங்கள். மூடிவிட்டால் சாம்பார் வாசனை அடுத்த குடும்பம் வரும்வரை அங்கேயே இருக்கும், சுத்தம் செய்யும் கட்டணமும் உங்கள் கார்டில் வரும்.